பூஜையில் வைத்த முகமூடி

அன்றைக்கு எங்கள் ஐஸ் ஃபேக்டரிக்குள் இருந்தவர்கள் இவர்கள்தான்: முதலாளி, முதலாளி அம்மா, நாவலூரில் ஐடி கம்பெனியில் வேலை பார்க்கும் அவர்கள் மருமகன், செங்கல்பட்டிலிருந்து தினமும் பஸ் பிடித்து வரும் ஃபோர்மேன், லோடு ஏற்றும் அண்ணன் தம்பிகள் ஏழுமலையும் குப்பனும், வாட்ச்மேன், கடைசியாக நான். மொத்தம் எட்டுப் பேர். இப்படித் தலையை எண்ணி எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் கணக்குத் தப்பு.

குளிர்பதன வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். மெஷின் எப்படி ஓடுகிறது, எந்த வால்வை எப்போது திறப்பது என்பதையெல்லாம் உங்களுக்குப் படம் போட்டுக் காட்ட ஆட்கள் இருக்கிறார்கள். எனக்கு நன்றாக வருவது பயப்படுவது ஒன்றுதான். வீட்டைப் பூட்டிவிட்டு பஸ் ஸ்டாப் வரை வந்து, பூட்டினோமா என்று திரும்பிப் போய் இழுத்துப் பார்க்கிற ஆள். என் பெயர் பாலு என்பது சம்பளம் கொடுக்கும் நாளில் மட்டும்தான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். மற்ற நாளெல்லாம் நான் 'பேஜாரு', அதாவது தொல்லை பிடித்தவன். "பேஜாரு வந்துட்டான், இனிமே கதவு ஜன்னல்லாம் தட்டிப் பாப்பான் பாரு" என்பான் குப்பன். நான் தட்டித்தான் பார்ப்பேன். கோபம் வராது. பணி ஓய்வு வரைக்கும் பத்து விரலோடும் இரண்டு கண்ணோடும் வந்து சேர்ந்திருக்கிறேன், அது போதும்.

ஃபேக்டரி இருந்தது மாமல்லபுரத்துக்கு வடக்கே. மேற்கே ஈ.சி.ஆர். ரோடு, கிழக்கே கடல், வடக்குப் பக்கம் ஒரு மணல் சந்து. எங்கள் வாசல் அந்தச் சந்தில். சுற்றுவட்டாரக் குப்பங்களின் மீனுக்கும், ரோட்டோர ஓட்டல்களுக்கும் எங்கள் ஐஸ்தான். அந்த ஐஸை உறைய வைப்பது அமோனியா. குழாய்க்குள் இருக்கும்வரை பசு மாதிரி இருக்கும். வெளியே வந்தால் ஈரம் எங்கே என்று தேடும். கண், மூக்கு, தொண்டை, நெஞ்சு. மனிதனிடம் ஈரமான இடமெல்லாம் முக்கியமான இடமாகவே இருக்கிறது, என்ன செய்வது.

இதற்காக எங்களிடம் இரண்டு முகமூடிகள் இருந்தன. பெரிய கண்ணாடியும், கீழே டப்பாவுமாக, பார்க்க யானை மூஞ்சி மாதிரி இருக்கும். மெஷின் ரூம் கதவுக்கு வெளியே இரண்டு ஆணியில் தொங்கும். காலையில் வந்ததும் நான் அவற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் டீ குடிப்பேன்.

ஆயுத பூஜை அன்றும் தொட்டுப் பார்க்கப் போனேன். ஆணி மட்டும் இருந்தது.

நம் ஊர் வழக்கம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேலை செய்கிற சாமானை எல்லாம் கழுவித் துடைத்து, பொட்டு வைத்து, சாமி படத்துக்கு முன்னால் அடுக்கிவிடுவோம். வைத்ததை மறுநாள் காலை மறுபூஜை முடிகிறவரை யாரும் கையில் எடுக்கக் கூடாது. மெஷின் ரூமுக்குள் படம் வைத்து, வாழைக்கன்று கட்டி, ஸ்பேனர், ஐஸ் கொக்கி, வண்டிச் சாவி எல்லாம் வரிசையாக வைத்திருந்தார்கள். அதற்கு நடுவில், நெற்றியில் சந்தனத்தோடும் குங்குமத்தோடும், இரண்டு யானை மூஞ்சிகளும் உட்கார்ந்திருந்தன.

"இன்னாடா இது?" என்று ஏழுமலையைக் கேட்டேன்.

"மாஸ்க்கு, அண்ணாத்த. அதுவும் நம்ம ஆயுதந்தானே?"

"அது ஆயுதம் இல்லடா, உசுரு. எட்து ஆணில மாட்டு."

"உசுருன்னா மொதல்ல சாமிகிட்டதான் வைக்கணும் பாலு" என்றார் முதலாளி அம்மா, சந்தனக் கிண்ணத்தோடு வந்து. அதற்கு மேல் என்ன பேசுவது? சாமி ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம்.

ஃபோர்மேனிடம் போனேன். அவர் அதிகம் பேசாத மனிதர். நடையில் வேகமே இருக்காது. எவ்வளவு அவசரமானாலும் பஸ்ஸுக்குக்கூட ஓட மாட்டார், அடுத்த பஸ் வரும் என்பார். "வுடு பேஜாரு" என்றார். "இன்னிக்கி மெஷினே ஓடப்போறதில்ல. ஓடாத மெஷினுக்கு எதுக்கு மாஸ்க்கு?"

அது சரியாகத்தான் பட்டது. ஓடாத மெஷினுக்கு எதுக்கு என்று மனசுக்குள் நாலைந்து தடவை சொல்லிப் பார்த்தேன். மனசு கேட்டுக்கொண்டது, கால் மட்டும் இன்னொரு தடவை வெறும் ஆணியைப் பார்க்கப் போனது.

அம்மாவுக்குத் தாராளமான கை. வால்வுச் சக்கரங்களுக்கு சாமந்தி மாலை, மோட்டாருக்குப் பொட்டு, பைப்புக்குப் பொட்டு. பிரஷர் மீட்டரின் கண்ணாடியிலும் வைத்தார். முள் நிற்கும் இடத்தில் வடை தட்டின மாதிரி சந்தனம், அதன் நடுவில் குங்குமம். பிள்ளைக்கு வைப்பது போல ஆசையாக வைத்ததை யார் துடைப்பது?

"அண்ணே, முள்ளு தெரியல" என்று ஃபோர்மேன் காதில் சொன்னேன்.

"ஓரமா பாத்தா தெரியும். பூச முடியட்டும், நைசா தொடச்சிக்கலாம்."

பூஜை ஆரம்பித்தபோது உச்சிவேளை ஆகிவிட்டது. செருப்பையெல்லாம் சந்து வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு எட்டுப் பேரும் மெஷின் ரூமுக்குள் நின்றோம். ஸ்பீக்கரில் நாதஸ்வரம், முதலாளி கையில் மணி, மருமகன் கையில் செல்ஃபோன். தீபாராதனை முடிந்ததும் எங்கள் ஃபேக்டரியில் இன்னொரு வழக்கம் உண்டு. அம்மா பச்சை பட்டனை அமுக்கி மெஷினை ஒரு நிமிஷம் ஓட்டுவார், கைதட்டிவிட்டு நிறுத்திவிடுவோம். ஓடாத மெஷின் என்று ஃபோர்மேன் சொன்னபோது இந்த ஒரு நிமிஷத்தை அவரும் மறந்திருந்தார், நானும் மறந்திருந்தேன்.

அம்மா பட்டனை அமுக்கினார். மெஷின் ஓடியது. கைதட்டினோம். அப்போது மருமகன், "அத்தை, ரெக்கார்ட் ஆகல. இன்னொரு தடவை கற்பூரம் காட்டுங்க மாமா, ப்ளீஸ்" என்றார். முதலாளிக்கும் ஆசைதான். மறுபடி கற்பூரம், மறுபடி மணி. மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மெஷின் ஓடினால் அமோனியா சூடாகும். அந்தக் குழாய்கள் மேல் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்க வேண்டும். அதற்குத் தனி மோட்டார். அதைப் போட்ட பிறகுதான் மெஷினையே போடலாம். ஃபோர்மேன், ஏழுமலை போட்டிருப்பான் என்று நினைத்தார். ஏழுமலை கையில் திருஷ்டிப் பூசணிக்காய். ஃபோர்மேன் போட்டிருப்பார் என்று அவன் நினைத்தான். மற்ற நாளில் தண்ணீர் விழும் சத்தமே காட்டிக் கொடுத்துவிடும். அன்றைக்கு நாதஸ்வரம். பிரஷர் எல்லை மீறினால் மெஷினைத் தானாக நிறுத்தும் கருவி பழுதாகி, புதுசுக்கு ஆர்டர் போட்டிருந்தோம். முள்ளைப் பார்த்தால் தெரிந்திருக்கும். முள் சந்தனத்துக்குப் பின்னால் ஏறிக்கொண்டிருந்தது. நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்றால், கற்பூரத் தட்டு தோரணத்தில் பட்டுத் தீப்பிடித்துவிடுமோ என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவனுக்கு இது ஒரு சங்கடம். ஒரே நேரத்தில் எல்லாப் பக்கமும் பார்க்க முடியாது.

'பட்' என்று ஒரு சத்தம். பெரிய சத்தம்கூட இல்லை, சோடா பாட்டில் திறந்த மாதிரி. ஒரு பைப் இணைப்பில், கசியாமல் இருக்க நடுவில் வைக்கும் பேக்கிங் பிய்த்துக்கொண்டு வெள்ளையாகச் சீறியது. சாம்பிராணிப் புகை என்று கண் நினைத்தது. மூக்கு அப்படி நினைக்கவில்லை.

"வெளிய! எல்லாம் வெளிய! துண்ட நனச்சி மூஞ்சில வை!" ஃபோர்மேன் குரல் அவ்வளவு பெரிது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கதவோரம் இருந்த மெயின் ஸ்விட்சைப் போகிற போக்கில் கீழே இழுத்தார். மெஷின் நின்றது, நாதஸ்வரமும் நின்றது. சீறல் மட்டும் நிற்கவில்லை. வாசலில் கழுவுவதற்கு வைத்திருந்த தண்ணீர் டிரம்மில் துண்டு, முந்தானை, எது கிடைத்ததோ அதை முக்கி முகத்தில் அமுக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டோம். ஒரு எச்சரிக்கை: ஈரத்துணி தப்பித்து வெளியே வருவதற்கு மட்டும்தான். அதைக் கட்டிக்கொண்டு யாரும் உள்ளே போய்விடாதீர்கள். இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் வரும்.

வெளியே வந்ததும் முதலாளி மேற்கே ரோட்டைப் பார்த்து ஓட ஆரம்பித்தார். அவர் கார் அங்கே நின்றது. பயந்தவன் பழகின திசையில்தான் ஓடுவான்.

"மொதலாளி! ரோட்டுப் பக்கம் போவாதீங்க! தோரணத்தப் பாருங்க!"

கூரையில் கட்டியிருந்த கலர்க் காகிதத் தோரணங்கள் எல்லாம் ஒரே மாதிரி ரோட்டைப் பார்த்துப் படபடத்தன. கடல்காற்று ஏறிவிட்டிருந்தது. வெள்ளைப் புகையும் அந்தப் பக்கம்தான் தாழ்வாகப் போய்க்கொண்டிருந்தது. காற்று வரும் பக்கம்தான் நமக்குப் பக்கம். கிழக்கே, கடலைப் பார்த்துப் போனோம். உச்சிவெயில் மணல், வெறுங்கால். நாலு அடி வைத்ததுமே எல்லாரும் குதித்துக்கொண்டு திரும்பி வந்து அவரவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனோம். உயிருக்கு ஓடும்போதும் அம்மா, "என்னுது ஜரிகை வச்சது, அதைப் போடாதடா" என்று குப்பனை அதட்டினார்.

சந்தின் கடல் பக்கத்து முனைக்கு வந்ததும் முதலாளி விரலை நீட்டி எண்ணினார். எட்டு. "எல்லாரும் வந்தாச்சு. சாமி காப்பாத்திச்சு." மருமகன் ஏற்கெனவே தீயணைப்புக்கு ஃபோன் போட்டிருந்தார். அமோனியா என்று முதல் வார்த்தையிலேயே சொல்லி, காற்று ரோட்டுப் பக்கம் அடிக்கிறது, வடக்குச் சந்து வழியாக வாருங்கள் என்றும் சொன்னார். ஃபோனில் இப்படிச் சொல்லத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. நானாக இருந்தால் "ஐயோ சீக்கிரம் வாங்க" என்று மட்டும் சொல்லி வைத்திருப்பேன். வாட்ச்மேனை வடக்கே சுற்றி அனுப்பி, ரோட்டில் வண்டிகளைத் தூரத்திலேயே நிறுத்தச் சொன்னோம்.

திரும்பி வாசலைப் பார்த்தேன். எட்டுப் பேரும் செருப்பை மாட்டிக்கொண்டுதான் வந்திருந்தோம். வாசலில் ஒரு ஜோடி மிச்சம் கிடந்தது.

"அது யாரு செருப்பு?"

"யோவ் பேஜாரு, இப்ப செருப்புக் கணக்கு ரொம்ப முக்கியமா?" என்றார் முதலாளி.

"எட்டுப் பேரு, ஒம்போது ஜோடி, மொதலாளி."

நீல வார் வைத்த ரப்பர் செருப்பு. ஒரு வாரில் ஊக்கு குத்தியிருந்தது. குப்பன் அதைப் பார்த்தான். சிரித்துக்கொண்டே இருக்கிற அந்த முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததில்லை.

"அம்சாக்காது" என்றான்.

அம்சா பக்கத்துக் குப்பத்தில் மீன் வியாபாரம் செய்கிறவள். முட்டுக்காடு பக்கம் ஓர் ஓட்டலுக்கு அன்றைக்குப் பெரிய ஆர்டர் பிடித்திருந்தாள். முந்தின நாள் வந்து ஐஸ் கேட்டதற்கு முதலாளி, ஆயுத பூஜை அன்று வியாபாரம் கிடையாது என்று சொல்லிவிட்டார். ஐஸ் இல்லாவிட்டால் மீன் போகும், மீன் போனால் ஓட்டல் போகும். குப்பன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "ஒடச்ச ஐஸு தொட்டில மிச்சம் கீதுன்னு நாந்தான் சொன்னேன். எல்லாரும் சாமி கும்புட்ற நேரம் பாத்து எட்துக்கோ, நாளைக்கி டப்பு குட்துடுன்னு."

யாருக்கும் தெரியாமல் ஐஸ் எடுக்க வந்தவள், பூஜை நடக்கிற இடமாயிற்றே என்று செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போயிருக்கிறாள்.

ஐஸ் உடைக்கும் அறை கட்டடத்தின் கிழக்குக் கோடியில். வாசலிலிருந்து மெஷின் ரூமை ஒட்டி ஒரு நடை, அதன் முடிவில் இந்த அறைக்கு ஒரு கதவு. அவள் அந்த நடை வழியாகத்தான் போயிருக்க வேண்டும். இப்போது அந்த நடை முழுக்கப் புகை.

"மாஸ்க் எங்கடா? மாஸ்கைக் கொண்டாங்கடா!" என்று முதலாளி கத்தினார்.

ஏழுமலைதான் மெதுவாக, "சாமிகிட்ட கீது மொதலாளி" என்றான்.

அப்போதுதான் ஓடாத மனிதர் ஓடினார். ஃபோர்மேன் ஈரத்துண்டை முகத்தில் இறுக்கிக் கட்டிக்கொண்டு வாசலைப் பார்த்துக் கிளம்பிவிட்டார். நான் பின்னாலேயே பாய்ந்து அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டேன்.

"வுட்றா! பொம்பள உள்ள கீறா!"

"நீ போனா ரெண்டு பேரத் தேடணும்ண்ணே. என்னால ஒருத்தரத்தான் தேட முடியும்."

என்னை இழுத்துக்கொண்டே மூன்று நாலு அடி போனார். பிறகு நின்றார். நிற்பதுதான் கஷ்டம், தம்பிகளே. ஓடுவதற்குத் தைரியம் போதும். நிற்பதற்கு அதைவிட ஏதோ ஒன்று வேண்டியிருக்கிறது. அது அவரிடம் இருந்தது.

"சுத்தி வா" என்றார். "கடல் பக்கம் பலக கீதுல்ல."

உடைக்கும் அறையின் கிழக்குச் சுவரில், வண்டிக்கு ஐஸ் கட்டி சறுக்கிவிட ஒரு சாய்வுப் பலகையும், அதன் மேல் முனையில் ஒரு சின்னக் கதவும் உண்டு. தாழ்ப்பாள் உள்பக்கம். அங்கே காற்று சுத்தமாக இருந்தது. சுவரில் காதை வைத்தோம். சரக், சரக் என்று மண்வெட்டி சத்தம். ஐஸை மூட்டையில் அள்ளிக்கொண்டிருக்கிறாள்! புகை அவளை இன்னும் எட்டவில்லை என்று எனக்கு நிம்மதி.

முதலாளி அதைக் கெடுத்தார். சந்தோஷத்தில் "அம்சா!" என்று ஒரே கத்தல்.

மண்வெட்டி நின்றது. அப்புறம் சத்தமே இல்லை. மாட்டிக்கொண்டோம் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஃபோர்மேன் "கேஸு! ஓடு!" என்று கத்த வாயைத் திறந்தார். நான் அவர் வாயைப் பொத்தினேன். அவரிடம் நான் அப்படி நடந்துகொண்டது அந்த ஒரு தடவைதான். ஓடு என்றால் எங்கே ஓடுவாள்? வந்த வழியில்தான் ஓடுவாள். நடைக் கதவைத் திறந்துகொண்டு, நேராகப் புகைக்குள், செருப்பு கிடக்கும் வாசலுக்கு. நான் பயந்த மனுஷன். பயந்தவர்கள் என்ன செய்வார்கள் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கேஸ் என்ற சொல்லே அவள் காதில் விழக் கூடாது. அவளுக்கு என்ன வேண்டுமோ அதைச் சொல்லித்தான் இந்தப் பக்கம் இழுக்க வேண்டும்.

முதலாளியைச் சுவரோரம் தள்ளி வாயில் விரல் வைத்துக் காட்டினேன். குப்பன் காதில் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு பலகையில் ஏறினான்.

"யக்கா. நாந்தான், குப்பன். மொதலாளி உன்ன வாசப்பக்கம் தேடிகினு கீறாரு. அந்தாண்ட போய்டாத. பலகக் கதவத் தொறந்து மூட்டைய இப்டி வுடு, நான் புட்ச்சிக்கிறேன்."

உள்ளே மண்வெட்டியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "நெசமா அந்தாண்ட போய்ட்டாரா?"

இரண்டு கை தூரத்தில் பட்டு வேட்டியோடு நின்ற முதலாளி, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்.

"போய்ட்டாருக்கா."

"இன்னாடா நாத்தம் இது? கண்ணு எரியுது."

"பூசைக்கு மெஷினு கழுவுனாங்கோ. பேசிகினு நிக்காதக்கா, தொற."

தாழ்ப்பாள் விலகியது. ஒரு மூட்டை சறுக்கி வந்தது, ஏழுமலை பிடித்தான். இரண்டாவது. உள்ளே இருமல் கேட்டது. கதவிடுக்கில் லேசாக வெள்ளை தெரிந்தது. மெஷின் ரூம் பக்கத்துக் கதவின் அடியில் நுழைய ஆரம்பித்திருக்க வேண்டும். ஃபோர்மேன் கை என் தோளை நசுக்கியது.

"போதும்க்கா, நீ வா."

"மூணாவது ஒண்ணு கட்டிட்டேன், இரு." மூன்றாவதும் வந்தது.

"இப்ப நீ வாக்கா, பலகைலியே வந்துடு."

"நான் எப்டிடா இதுல வருவேன்? நான் இன்னா ஐஸ் கட்டியா? இரு, வாச வழியாவே பூனையாட்டம் வந்துடறேன்."

குப்பன் எங்களைத் திரும்பிப் பார்த்தான். உள்ளே கொலுசுச் சத்தம் நகர்ந்தது, தப்பான திசையில்.

ஏழுமலைதான் கத்தினான்: "யக்கா! வாசல்ல மொதலாளி அம்மா நின்னுகினு கீறாங்க!"

கொலுசு நின்றது. முதலாளியைக் கெஞ்சிச் சமாளித்துவிடலாம், அம்மாவைச் சமாளிக்க முடியாது என்பது கோவளம் வரைக்கும் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். எங்களுக்குப் பின்னால் நின்ற அம்மா ஏழுமலையை ஒரு பார்வை பார்த்தார்.

அடுத்த மூச்சில் இரண்டு பாதங்கள் தெரிந்தன. அப்புறம் அம்சா முழுதாக, சேலையை முழங்காலோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஈரப்பலகையில் சர்ரென்று வந்து மூன்று மூட்டைகள் மேல் விழுந்தாள். பின்னாலேயே வெள்ளையாக ஒரு கை நீளத்துக்குப் புகை எட்டிப் பார்த்தது. ஏழுமலை கதவை அறைந்து சாத்தினான். எல்லாரும் பத்தடி விலகி வந்தோம்.

அம்சா எரிகிற கண்ணைக் கசக்கிக்கொண்டு நிமிர்ந்தாள். முதலில் பட்டு வேட்டி தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் பட்டுப்புடவை.

"ஐயோ அம்மா! மூணு மூட்டதாம்மா. நாளைக்கி டப்பு குட்துடறேன். சத்தியமா."

"கண்ணைக் கசக்காதடி, பைத்தியக்காரி!" என்று அம்மா அவள் கையைப் பிடித்தார். பிடித்த கையை அப்புறம் ரொம்ப நேரம் விடவில்லை. ஃபோர்மேன் மணலில் உட்கார்ந்துவிட்டார். முதுகு குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று நாங்கள் யாரும் கிட்டே போய்ப் பார்க்கவில்லை.

கண் எரிந்தால் கசக்கக் கூடாது. கழுவ வேண்டும். கையளவு தண்ணீர் தெளித்துவிட்டு முடிந்தது என்று விடுவது கழுவல் இல்லை. குப்பத்துக் கைபம்பில் குப்பன் அடிக்க, கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளச் சொல்லி, கால் மணி நேரத்துக்கு மேல் ஊற்றினோம். "போதும்டா, மூழ்கிடுவேன்" என்று அவள் திட்டத் திட்ட ஊற்றினோம். இருமல் நின்றுவிட்டது, எனக்கு ஒன்றுமில்லை, மீன் கெடுகிறது, விடுங்கள் என்றாள். இந்த வாயு நெஞ்சுக்குள் போயிருந்தால் மணிக்கணக்கு கழித்துத்தான் வேலையைக் காட்டும் என்று எனக்குப் பயம். ஆம்புலன்ஸில் வந்தவர்களும் அதையேதான் சொன்னார்கள். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி வைத்துப் பார்த்துத்தான் அனுப்பினார்கள். ஒன்றும் ஆகவில்லை. அவள் ஏறவே மாட்டேன் என்று அடம்பிடித்தபோது, "உன் மீனை நான் ஓட்டல்ல சேர்க்கிறேன்" என்று மருமகன் சொன்ன பிறகுதான் ஏறினாள். சொன்னபடியே ஒரு ஆட்டோ பிடித்து, மீன் கூடையோடு இரண்டு மூட்டை ஐஸையும் ஏற்றிக்கொண்டு, பட்டுச் சட்டையோடு முட்டுக்காடு போய் வந்தார். வாசம் அந்தச் சட்டையை விட்டுப் போகவே இல்லை என்று கேள்வி.

தீயணைப்புக்காரர்கள் முதுகில் காற்று சிலிண்டரோடு வந்தார்கள். புகை பரவாமல் இருக்க அதன் மேல் மழை மாதிரி தண்ணீர் அடித்தார்கள். தரையில் திரவமாகக் கிடக்கும் அமோனியா மேல் தண்ணீர் படக் கூடாது, பட்டால் இன்னும் பொங்கும் என்று ஃபோர்மேன் முதலிலேயே சொல்லிவிட்டார். எந்த வால்வை மூட வேண்டும் என்று கேட்டார்கள். பூஜைக்காக எல்லாச் சக்கரத்துக்கும் ஒரே பச்சைப் பெயின்ட் அடித்திருந்தோம். ஃபோர்மேன் மணலில் விரலால் கோடு போட்டுச் சொன்னதை நான் மறக்க மாட்டேன்.

"உள்ள போனதும் சோத்துக்கை பக்கம் பாருங்க சார். சாமந்தி மால போட்டது இல்ல. அதுக்கு அடுத்தது, எலுமிச்சம்பழம் கட்னது. அத மூடிடுங்க."

"ரோஜா மாலைன்னா என்ன பண்றது?" என்று கேட்டார் அந்த அதிகாரி, முகமூடியை மாட்டிக்கொண்டே.

"அது சாமி படம் சார். அத ஒண்ணும் பண்ணிடாதீங்க."

எலுமிச்சம்பழம் கட்டிய சக்கரம் மூடியதும் சீறல் நின்றது. காற்று எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போன பிறகு உள்ளே போய்ப் பார்த்தோம். சாமி படத்துக்கு முன்னால் இரண்டு முகமூடிகளும் பொட்டோடு, ஒரு கீறல் இல்லாமல், பத்திரமாக இருந்தன. எங்கள் எல்லாரையும்விட அவைதான் அன்றைக்குப் பாதுகாப்பாக இருந்தன. ஃபோர்மேன் துண்டால் மீட்டர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த ஆயுத பூஜைக்கு அம்மாவிடம் யார் பேசுவது என்று ஒருவரை ஒருவர் தள்ளிவிட்டோம். கடைசியில் நான்தான் போனேன். அதற்கு முந்தின இரண்டு ராத்திரி தூக்கமில்லை. முகமூடியைப் பூஜையில் வைக்க வேண்டாம் என்று சொன்னால் சாமிக்குக் குறை வைத்தது ஆகிவிடும், வைத்தால் மனுஷனுக்குக் குறை. அம்மா கொஞ்சம் யோசித்தார். "தேதி முடிஞ்சுபோன மாஸ்க் ஒண்ணு குடோன்ல கிடக்குதே, அதைக் கழுவி வச்சிடலாம். சாமி தேதி பார்க்காது" என்றார். அதிலிருந்து அப்படித்தான். பழசுக்கு சாமி முன்னால் இடம். புதுசு இரண்டும் கட்டடத்துக்கு வெளியே, சந்து வாசலுக்கு அந்தப் பக்கம், ஆணியில். பொட்டு மீட்டரின் பித்தளை விளிம்பில் மட்டும். பச்சை பட்டனை அமுக்குவதற்கு முன் ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு, தண்ணீர் விழுகிற சத்தத்தைக் காதால் கேட்டுக்கொள்கிறோம். வால்வுச் சக்கரங்களுக்கு வேறு வேறு கலர். நிறுத்தும் கருவி பழுதென்றால் அது வந்து சேருகிறவரை மெஷின் ஓடாது. முதலாளியே அப்படி எழுதி ஒட்டினார்.

உங்கள் இடத்தில் ஆயுத பூஜையாக இருக்காது, வேறு ஏதாவது இருக்கும். ஆபீஸிலிருந்து பெரியவர்கள் வருகிற நாள், புதுப் பெயின்ட் அடிக்கிற நாள், லீவு நாள். எல்லாரும் சந்தோஷமாக இருக்கிற நாளில்தான் மாட்டியிருக்கும் சாமானை எடுத்து வேறு இடத்தில் அழகாக வைப்பார்கள். அன்றைக்குச் சிடுமூஞ்சியாக ஒருத்தர் இருந்தால் பரவாயில்லை. பேஜாரு என்று பெயர் வைப்பார்கள், வைத்துக்கொள்ளட்டும். ஆட்களை எண்ணும்போது, நமக்குத் தெரிந்த ஆட்களை மட்டும் எண்ணிவிட்டு எல்லாரும் வந்தாச்சு என்று சொல்லிவிடாதீர்கள்.

அம்சா ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் நேராக ஃபேக்டரிக்குத்தான் வந்தாள். தன் செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டு, சொன்ன வாக்குப்படி இரண்டு மூட்டைக்குப் பணத்தை முதலாளி மேஜையில் வைத்தாள். மூன்றாவது மூட்டை, அவள் கண்ணைக் கழுவுகிற அமளியில், யாரும் கவனிக்காமல் மணலில் கிடந்து முழுக்கக் கரைந்து போயிருந்தது. "உன் கேஸால கரஞ்சிச்சு, அதுக்கு நான் டப்பு தர மாட்டேன்" என்பது அவள் கட்சி. பலகையை விட்டு இறங்கிய ஐஸ் விற்ற ஐஸ்தான் என்பது முதலாளி கட்சி. போன வாரம் அந்தப் பக்கம் போயிருந்தபோதும் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நூற்று நாற்பது ரூபாய் இன்னும் பாக்கி.